பழைய டெஸ்க்டாப்பில் புது ஓஎஸ்: இருக்கிற டிஸ்க்கை அழிக்காமல் போடுவது எப்படி

பெங்களூரு எஸ்பி ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் பழைய சிபியுவைக் கொண்டுபோய் வைத்தால் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "ஃபார்மேட் அடிச்சிடலாமா?" என்பதுதான். தலையாட்டினால் சி டிரைவோடு டெஸ்க்டாப்பில் கிடந்த போட்டோக்களும் போகும். அதற்குப் பதில் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி அதில் ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) போடுங்கள்; பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஏதாவது சொதப்பினால் அதையே திரும்ப மாட்டி, பழைய செட்டிங்கோடு ஓட்டிக்கொள்ளலாம். மெஷின் மெதுவாக ஓடுவதற்குப் பாதிக் காரணம் அந்த டிஸ்க்தான் என்பதால், அதிலேயே மறுபடி ஓஎஸ் ஏற்றுவது எப்படியும் வீண்வேலை. எஸ்எஸ்டியை ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். வாரண்டிக்குப் போகும்போது அது இல்லாமல் அலைய வேண்டிவரும்.

எந்த ஓஎஸ்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்தாலும் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் குறைந்தது 8-ஆம் தலைமுறை புராசஸர். குறுக்குவழியில் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் கட்டளை இல்லாத புராசஸரில் அது பூட் ஆகவே ஆகாது. அந்தக் கட்டளை இல்லாத பழைய கோர் 2 டுயோ புராசஸரில் எந்தத் தந்திரமும் பலிக்காது.

ஐடி கம்பெனிகள் கழித்துவிட்டு செகண்ட் ஹேண்டில் வருகிற 2, 3, 4-ஆம் தலைமுறை ஐ3, ஐ5 மெஷின்களுக்கு எங்கள் சிபாரிசு லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 2 ஜிபி ரேமில் எழுந்து நிற்கும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் மட்டும் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு டிரைவர் போடுவது பெரிய மல்லுக்கட்டு.

கழற்றுவதற்கு முன்

பழைய விண்டோஸ் இன்னும் எழுகிறது என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 'கரன்ட் பென்டிங் செக்டர்' எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. வேறு எதையும் செய்யாமல் முதலில் ஃபைல்களை நகலெடுங்கள். 'சிஆர்சி எரர்' மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க் இல்லை, சாட்டா கேபிள்.

பலரும் விட்டுவிடுவது எழுத்துருக்களை. பாமினி, வானவில் போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கடிதங்கள், நுடியிலோ பரஹாவிலோ அடித்த கன்னட மனுக்கள் எல்லாம் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் எடுத்துவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் விண்டோஸ் 10 அரைத்தூக்கத்தில்தான் போகும். பிறகு லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கைப் படிக்கலாம், எழுத விடாது.

பெட்டியைத் திறந்தபின்

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற செல்லை முதலில் மாற்றுங்கள்: சிஆர்2032, 3 வோல்ட். ஓஎஸ் கோளாறு என்று நம்பப்படுகிற பாதிப் பிரச்சினைகள் இந்தச் செல்லில்தான் தொடங்குகின்றன. செல் செத்தால் தேதி பின்னோக்கிப் போகும். தேதி தவறினால் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பற்ற இணைப்பு என்று பிரவுசர் மறுக்கும், அப்டேட்டும் தோற்கும். பயாஸ் (ஓஎஸ் எழுவதற்கு முன் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) செட்டிங்கும் ஒவ்வொரு முறை பவர் போகும்போது மறந்துபோகும்.

ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள் இல்லாமல் ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். எஸ்எஸ்டிக்குப் புதுச் சாட்டா கேபிள் போடுவது நல்லது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டியில்) நாலு முள் மோலெக்ஸ் கனெக்டர் மட்டும் இருந்தால் சாட்டா கன்வர்ட்டர் ஒன்று வேண்டும். எஸ்எஸ்டியைத் தவிர வேறு எந்த டிஸ்க்கும் மாட்டியிருக்கக் கூடாது. இரண்டு டிஸ்க் இருந்தால் இன்ஸ்டாலர் சில நேரம் பூட் ஃபைலை மற்றதில் எழுதிவைக்கும்; பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றிய அன்று எதுவும் எழாது.

பயாஸில் போய்த் தேதியைச் சரிசெய்யுங்கள், சாட்டா மோடை ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற ஆபீஸ் மெஷின்களில் அது ரெய்டு என்று இருக்கும். இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாமல் போக அதுவும் ஒரு காரணம். முன்பு என்ன இருந்தது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கை எப்போதாவது மாட்டிப் பூட் செய்தால் அதே மோடு வேண்டும், இல்லாவிட்டால் நீலத் திரைதான். கம்பெனி போட்ட பயாஸ் பாஸ்வேர்டு குறுக்கே நின்றால், ஆப்டிபிளெக்ஸ் போர்டில் பாஸ்வேர்டு ஜம்பர் என்று இரண்டு முள்ளை இணைக்கும் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒருமுறை ஆன் செய்தால் அழிந்துவிடும்.

பென்டிரைவும் இன்ஸ்டாலும்

8 ஜிபி பென்டிரைவ் போதும். பூட் ஆகும் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் ஐஎஸ்ஓவை (ஓஎஸ்ஸின் இன்ஸ்டால் ஃபைலை) தேர்ந்தபின் 'பார்ட்டிஷன் ஸ்கீம்' என்ற இடத்தில் நின்று யோசியுங்கள். ஜி31, ஜி41 சிப்செட் காலத்துப் போர்டு என்றால் எம்பிஆர் என்ற பழைய முறை. யூஇஎஃப்ஐ என்ற புதுவகை பயாஸ் உள்ள போர்டு என்றால் ஜிபிடி என்ற புது முறை. பென்டிரைவைப் பின்பக்க யூஎஸ்பியில் செருகுங்கள், முன்பக்க போர்ட்டின் தொளதொள ஒயர் பாதியில் காலை வாரும். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோ, கிகாபைட் எஃப்12, ஹெச்பி எஃப்9, ஆசுஸ் எஃப்8, எம்எஸ்ஐ எஃப்11.

பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் வரலாம், ஒன்று யூஇஎஃப்ஐ என்று தொடங்கும். புது எஸ்எஸ்டி என்றால் அதையே எடுங்கள். எம்பிஆர் பிரித்த பழைய டிஸ்க்கில் விண்டோஸ் போட்டே ஆகவேண்டும் என்பவர்கள் பென்டிரைவையும் எம்பிஆரில் தயாரித்து மற்றதை எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது' என்று நின்றுவிடும்.

மின்ட் என்றால் இன்ஸ்டால் கொடுப்பதற்கு முன் லைவ் செஷனிலேயே (பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடும் நிலையிலேயே) சவுண்ட், நெட், பிரிண்டர் மூன்றையும் சோதித்துவிடுங்கள். பிறகு மல்டிமீடியா கோடெக்கை டிக் செய்து, டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவு என்பதைக் கொடுத்தால் போதும். விண்டோஸ் 10 என்றால் புராடக்ட் கீ கேட்கும் இடத்தில் 'என்னிடம் இல்லை' என்று சொல்லி, முன்பு இருந்த அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அதே மதர்போர்டில் முன்பே ஆக்டிவேட் ஆகியிருந்தால் நெட் வந்ததும் தானாக ஆகிவிடும். முதல் ரீஸ்டார்ட்டில் பென்டிரைவைப் பிடுங்காவிட்டால் சில போர்டுகளில் இன்ஸ்டாலேஷன் திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

ஏப்ரல், மே மாத மாலைகளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். இடி இடித்து மழை தொடங்கியதும் கரண்ட் போகும் ஊர் இது, யூபிஎஸ் பேட்டரி பெரும்பாலான வீடுகளில் பேருக்குத்தான் இருக்கிறது.

நெட் வரவில்லை என்றால் டிரைவர் தேடி அலைய வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். விண்டோஸ், மின்ட் இரண்டுமே அதை உடனே நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். அதை வைத்து அப்டேட் செய்தால் மற்ற டிரைவர்கள் வந்துவிடும். தமிழ் அடிக்க மின்ட்டில் ஐபஸ்-எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். விண்டோஸ் 10-இல் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஓடியபின் மெஷினை அணைத்துவிட்டு, பழைய டிஸ்க்கை இரண்டாவது சாட்டா போர்ட்டில் மாட்டி, பயாஸில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா என்று பார்த்து, ஃபைல்களை இழுத்துக்கொள்ளுங்கள். வெளியே வைத்து யூஎஸ்பி வழியாக இழுப்பதானால், 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கேபிள் வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கான ஒற்றைக் கேபிளில் அது சுற்றவே சுற்றாது.