ஜெர்மனியில் திடீர்த் தேர்தல் வந்தால்: முதல்முறை ஓட்டுப் போடுபவர்களுக்கு

டார்ட்மண்டில் புதிதாகக் குடியுரிமை வாங்கிய தம்பி தங்கைகள் தேர்தல் இரவில் எனக்குப் போன் போட்டுக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, யார் ஜெயிச்சாங்க?" அதற்கு அன்றைக்கே பதில் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரி 23 தேர்தலை வைத்தே விளக்குகிறேன்.

இங்கே சான்சலர் (நம்ம ஊர் பிரதமர் மாதிரி) நினைத்தவுடன் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. நம்பிக்கை வாக்கெடுப்பில் அவர் தோற்க வேண்டும், அப்புறம் ஜனாதிபதி கலைக்க வேண்டும். அப்போதைய சான்சலர் ஷோல்ஸ் 2024 டிசம்பர் 16-இல் தோற்றார், 27-இல் ஜனாதிபதி ஸ்டைன்மையர் கலைத்தார். அங்கிருந்து 60 நாளுக்குள் தேர்தல். தபால் ஓட்டுக்காரர்களுக்கு இது ரொம்பக் குறைவான அவகாசம். வெளிநாட்டில் இருந்த பலருக்கு வாக்குச்சீட்டு நேரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. ஊருக்குப் போகிற திட்டம் இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். தபால் ஓட்டை அனுப்பும் சிவப்பு உறை தேர்தலன்று மாலை 6 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்பே தபாலில் போட்டேன் என்பது செல்லாது.

வாக்குச்சீட்டில் இடப்பக்கம் கறுப்பு எழுத்தில் தொகுதி வேட்பாளர்கள், வலப்பக்கம் நீல எழுத்தில் கட்சிகள். பக்கத்துக்கு ஒரு குறி. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை நீலப் பக்கம்தான் தீர்மானிக்கிறது, அதனால் அங்கே நிதானமாகப் போடுங்கள்.

மாலை 6 மணிக்கு டிவியில் கணிப்பு வரும். முதலிடத்தைப் பார்க்கும் முன் 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும் கட்சிகளைப் பாருங்கள்; பொதுவாக அதற்குக் கீழே வாங்கும் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இடம் கிடையாது. வாகன்க்னெக்ட் கட்சி 4.98 சதவீதம் வாங்கியது. இன்னும் சுமார் 9,500 ஓட்டு கிடைத்து அது உள்ளே வந்திருந்தால், முதலிடம் வந்த மெர்ட்ஸின் அணியும் சமூக ஜனநாயகக் கட்சியும் மட்டும் சேர்ந்து ஆட்சி அமைக்கப் பெரும்பான்மை இருந்திருக்காது. பசுமைக் கட்சியையும் கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். மொத்தம் 630 இடம், தேவை 316. மெர்ட்ஸின் கிறிஸ்தவ ஜனநாயக அணி 208, தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 152, சமூக ஜனநாயகக் கட்சி 120, பசுமைக் கட்சி 85, இடதுசாரிகள் 64, டேனிஷ் சிறுபான்மையினர் கட்சி 1 (அதற்கு 5 சதவீத விதி இல்லை). ஏஎஃப்டியோடு கூட்டணி இல்லை என்று மற்றவர்கள் சொல்லிவிட்டதால் அந்த 152-ஐத் தள்ளிவிடுங்கள். 208-உம் 120-உம் சேர்ந்தால் 328. அமைந்தது அந்தக் கூட்டணிதான்.

பேச்சுவார்த்தை நடக்கும்போது பழைய சபையையும் கவனியுங்கள். புதிய சபை கூடும்வரை அதற்கு முழு அதிகாரம் உண்டு. அரசு கடன் வாங்குவதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தும் அரசியல் சட்டத் திருத்தம் மார்ச் 18-இல் பழைய சபையில்தான் நிறைவேறியது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்; புதிய சபையில் ஏஎஃப்டியும் இடதுசாரிகளும் சேர்ந்தாலே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி அதைத் தடுத்துவிடலாம். மக்கள் வேறு சபையைத் தேர்ந்தெடுத்த பிறகு இப்படிச் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சட்டப்படி சரிதான்.

ஏப்ரல் 9-இல் கூட்டணி ஒப்பந்தம் தயாரானது. அதைச் சமூக ஜனநாயகக் கட்சி தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டது, 84.6 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். சான்சலரைச் சபை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. மே 6 காலையில் மெர்ட்ஸுக்குக் கிடைத்தது 310, ஆறு ஓட்டு குறைவு. மதியம் இரண்டாம் சுற்றில் 325 வாங்கி, அன்றே பதவியேற்றார்.