லேசான ரைஃபிள், கனத்த உதை: தோளைப் புண்ணாக்கும் தவறுகள்

3.6 கிலோ எடையுள்ள .30-06 (பெரிய தோட்டா வகை) ரைஃபிளில் 180 கிரெயின் (சுமார் 11.7 கிராம்) குண்டைச் சுட்டால், உதை ஏறக்குறைய 30 ஜூல். அதே தோட்டாவை 2.7 கிலோ ரைஃபிளில் போட்டால் 40 ஜூல். குழலும் தோளில் வைக்கும் கட்டையும் இளைத்த கணக்கு தோளில் வந்து விழுகிறது.

உதையே தெரியாத சிறு தோட்டா ரைஃபிளான .22-இல் பழகியவர்கள்தான் இங்கே அதிகம் அடிபடுகிறார்கள். அதைத் தொட்டும் தொடாமலும் பிடிக்கலாம். இதை அப்படிப் பிடிக்கக் கூடாது. கட்டைக்கும் தோளுக்கும் நடுவே விரலளவு இடைவெளி இருந்தால்கூட, ரைஃபிள் அதற்குள் வேகம் பிடித்து வந்து குத்தும். ஒட்டியிருந்தால் உடம்பையும் சேர்த்துத் தள்ளும், அவ்வளவுதான். காறை எலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உள்பக்கம், குழிவான சதையில் கட்டையை வையுங்கள். நின்று சுடும்போது இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். பின்னால் சாய்ந்து நின்றால் கால் தடுமாறும்.

நம் திருநெல்வேலி வெயிலுக்கு மெல்லிய பருத்திச் சட்டைதான் சரிப்படும். அதனால் துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொள்கிறார்கள். வியர்வையில் இரண்டாவது சூட்டுக்கே துண்டு நகர்ந்துவிடும், கட்டையும் கூடவே வழுக்கும். கட்டையின் முனையில் மாட்டும் ரப்பர் உறை தேவலை. ஆனால் 2 செ.மீ. உறை மாட்டினால் உங்கள் தலையும் அந்த அளவு பின்னால் போகும். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மறுபடி சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான ஸ்கோப்களுக்குக் கண்ணிலிருந்து 9 செ.மீ. தூரமாவது தேவை. படுத்துச் சுடும்போது தலை தன்னை அறியாமல் முன்னால் ஊர்ந்துவிடும். ஸ்கோப் விளிம்பு பட்டுப் புருவத்தில் பிறை வடிவில் வெட்டு விழுவது பெரும்பாலும் அப்போதுதான்.

மேசையில் வைத்துச் சுடுகிறவர்கள் மணல்மூட்டையைத் தாழ்வாக வைத்துக் கூனிக் குறுகி உட்காருவார்கள். தோள் பின்வாங்க இடமில்லாமல் முழு உதையும் எலும்பில் இறங்கும். மூட்டையை உயர்த்தி, நிமிர்ந்து உட்காருங்கள். சலித்துக் காயவைத்த தேரி மணல் இதற்கு அருமை. முக்கால் பை நிரப்பினால் போதும், திணித்தால் கல் மாதிரி ஆகிவிடும். உதைக்குப் பயந்து கட்டைக்குப் பின்னால் கனத்த மூட்டையை முட்டுக்கொடுக்காதீர்கள். நகர வழியில்லாத மரக்கட்டை பிடிக்கழுத்தில் விரிசல் விடும்.

விசையை இழுக்கும் முன்பே உடம்பு பதறுவதுதான் பெரிய வியாதி. சுடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. இன்னொருவரை விட்டு, ஏழு தோட்டாக்களுக்கிடையே மூன்று டம்மியை (வெடிக்காத போலித் தோட்டாவை) கலந்து, ஒவ்வொன்றாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். டம்மியில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு குழல் முனை கீழே குனிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு .22-க்குத் திரும்புங்கள். குனியாவிட்டாலும் ஒரு நாளுக்கு 15 குண்டு தாண்ட வேண்டாம். மெல்லிய குழல் சூடேறினால் குண்டு விழும் இடமும் மாறும்.

குழல் முனையில் மாட்டும் துளையிட்ட மசில் பிரேக் உதையைக் கணிசமாகக் குறைக்கும், சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பும். காதுக்குள் அடைப்பான், மேலே இயர்மஃப், இரண்டும் வேண்டும், பக்கத்தில் நிற்பவருக்கும்தான்.

ஸ்கோப் திருகுகள் உதையில் கழலும். திருகின் தலையிலிருந்து ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். கோடு முறிந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது.