நாள் தள்ளிப்போனால், மாத்திரை கேட்கும் முன்

பழனி பாதயாத்திரைக் கூட்டம் கடந்துபோகிற ஊர் ஒன்றில் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். கவுன்ட்டரில் ஆண்கள் மட்டும் நின்றால் சில பெண்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். நான் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நாள் தள்ளிப்போச்சு, வர்றதுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்பார்கள். சீட்டு இல்லாமல் அதை நான் கொடுப்பதில்லை. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உண்மையிலேயே தள்ளிப்போயிருக்கிறதா? ரத்தப்போக்கு தொடங்கிய நாள்தான் முதல் நாள். நின்ற நாளிலிருந்தும், தலைக்குக் குளித்த நாளிலிருந்தும் எண்ணுகிறவர்கள் நிறைய. 28 நாள் எல்லோருக்கும் பொதுவான கணக்கு இல்லை. 21 நாளிலிருந்து 35 நாள் வரை எல்லாம் சரிதான். வயசுக்கு வந்து ஒன்றிரண்டு வருஷமே ஆன பிள்ளைகளுக்கு 45 நாள்கூட ஆகும். தினசரித் தாளைக் கிழித்து எறிந்துவிடுவோம் என்பதால், பால் கணக்கு எழுதுகிற மாசக் காலண்டரிலேயே ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப்படி தள்ளித்தான் போயிருக்கிறது, கர்ப்பத்துக்குக் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு என்றால் அடுத்த வேலை, சிறுநீரில் கர்ப்பம் பார்க்கிற கார்டு. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர்தான் நல்லது. இரவு முழுக்கச் சேர்ந்திருப்பதால் அதில் ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும். ராத்திரியே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் ஏமாற்றிவிடும். சுத்தமான சின்னக் கிண்ணத்தில் பிடித்து, உறைக்குள் இருக்கும் பில்லரால் (சொட்டு விடும் குழாய்) உறையில் எழுதியிருக்கிற அளவு சொட்டு கார்டின் குழியில் விடுங்கள். பெரும்பாலும் மூன்று இருக்கும். கார்டைச் சமமான இடத்தில் வைத்து, பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில், உறையில் சொன்ன நேரத்துக்குப் பாருங்கள். 'சி' பக்கம் மட்டும் கோடு வந்தால் இல்லை. 'சி', 'டி' இரண்டிலும் வந்தால் கர்ப்பம். 'டி' கோடு மங்கலாக இருந்தாலும் கர்ப்பம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'சி' கோடே வரவில்லையென்றால் கார்டு கெட்டது, வேறு வாங்குங்கள். குப்பையில் போட்டதை அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்துவிட்டு "லேசா ஒரு கோடு தெரியுதே" என்று ஓடிவருகிறவர்கள் உண்டு. காய்ந்த பிறகு தெரிகிற கோடு கணக்கில் சேராது.

இல்லை என்று வந்தும் நாள் வரவில்லையா? ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். எப்போதுமே ஒழுங்கில்லாமல் வருகிறவர்கள், கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்தால் நம்பலாம்.

அப்புறமும் இல்லையென்றால், பெரும்பாலும் அந்த மாதம் கருமுட்டை தாமதமாக வெளிவந்திருக்கும், அல்லது வெளிவராமலே போயிருக்கும். முட்டை வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் விலக்கு வரும். முன்பாதி இழுத்தால் மொத்தமும் இழுக்கும். காய்ச்சல், பரீட்சை, துக்க வீடு, மில்லில் மாறி மாறி நைட் ஷிப்ட், பட்டினி கிடந்து எடை குறைப்பது எல்லாமே அதை இழுக்கும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடுவது போன்றவை தொடர்ந்து இழுத்தடிக்கும். வாந்திக்குக் கொடுக்கிற டோம்பெரிடோன், சில மனநல மாத்திரைகள்கூடப் புரோலாக்டினைக் கூட்டும். அரசு ஆஸ்பத்திரியில் போடுகிற 'அந்தரா' கருத்தடை ஊசிக்குப் பிறகு மாசக்கணக்கில் வராமல் இருப்பது சகஜம். 'சாயா' கருத்தடை மாத்திரையும் நாளைத் தள்ளும். பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும், நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் தள்ளும். ஆனால் அவர்களுக்கும் கரு தங்கும், அதனால் கார்டைத் தவிர்க்காதீர்கள்.

இப்போது அந்த மாத்திரை விஷயம். தைப்பூசம் வந்தால் தள்ளிப்போட மாத்திரை கேட்டு வருவார்கள். அது நோரெத்திஸ்டிரோன் என்கிற ஹார்மோன் மாத்திரை, டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியது. சாப்பிடுகிறவரை விலக்கு வராது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரும். வராவிட்டால் கார்டு பார்க்க வேண்டும். "வர வைக்கும்" மாத்திரை என்று கேட்பதும் ஏறக்குறைய இதே வகைதான். போட்டு நிறுத்தியதும் ரத்தம் வந்துவிடுவதால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம், ஏன் தள்ளியது என்பது அப்படியே உள்ளே கிடக்கும். எள்ளுருண்டையும் பப்பாளியும் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. அதுவாக எதையும் வரவைக்காது.

கருக்கலைப்பு மாத்திரை டப்பாவை யாரிடமாவது சொல்லி வாங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசியும்போது, மாத்திரையால் வந்த வலி என்று நினைத்துப் படுத்திருப்பார்கள். முதலில் டாக்டர் பார்த்து, எங்கே தங்கியிருக்கிறது, எத்தனை வாரம் என்று சொல்ல வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடு சட்டப்படியே கலைக்கலாம், கல்யாணம் ஆகாதவர்களுக்கும் சேர்த்துத்தான். பெயரை வெளியே சொல்லக்கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது.

கார்டில் இரண்டு கோடு, கூடவே அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டையில் குத்தல், தலைசுற்றி மயக்கம், ரத்தப்போக்கு என்று ஏதாவது இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கார்டே பார்க்காதவர்களுக்கும் இது பொருந்தும்.

அவசரமில்லாதவர்கள் எப்போது போவது? ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதமாக வரவில்லை, 15 வயது முடிந்தும் வயசுக்கு வரவில்லை, 45-க்கு முன்பே நின்றுவிட்டது, பால் கொடுக்காதபோதும் மார்பில் பால் கசிகிறது, முகத்தில் முடி கூடுகிறது என்றால் போய்ப் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதுவார்கள். போகும்போது கடைசி சில மாதத் தேதிகளையும், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "மஞ்சள் கலர், சின்னதா இருக்கும்" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் தெரியாது.