மலைத்தொடருக்கு ஒரு சிகரம்: உலகின் உச்சிகளை நீங்களே தேடிப் பட்டியலிடும் முறை

உலகின் உயர்ந்த சிகரங்கள் எவை என்று கேட்டால் எவரெஸ்ட், கே2, காஞ்சன்ஜங்கா என்று வரிசையாகப் பதில் வரும். 8,000 மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களும் இமயமலையிலும் காரகோரத்திலும்தான் இருக்கின்றன. அதனால் உயரத்தை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால், நூறு பெயர் எழுதினாலும் ஆசியாவை விட்டு வெளியே வர முடியாது. தொடருக்கு ஒரு சிகரம் என்று எடுத்துப் பாருங்கள். ஆண்டிஸ், காகசஸ், அட்லஸ், யூரல் என்று உலகம் முழுவதும் உங்கள் நோட்டுக்குள் வந்துவிடும். யூரலின் உச்சியான நரோட்நயா 1,895 மீட்டர்தான். ஆனால் 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தேய்ந்து தேய்ந்து நிற்கும் மலை அது. எவரெஸ்டுக்குக் கொடுக்கும் மரியாதையை நான் அதற்கும் கொடுப்பேன்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு நோட்டு, மலைகளையும் ஆறுகளையும் காட்டும் ஓர் உலக வரைபடம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்டோப்போமேப் போன்ற உயர வரைபடம், இவ்வளவுதான். நோட்டில் ஆறு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: தொடர், சிகரம், நாடு, உயரம், அளந்த ஆண்டு, குறிப்பு. கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் அகலமாகவே விடுங்கள். அதில்தான் நிறைய எழுத வேண்டியிருக்கும்.

படி 1: முதலில் எல்லை, பிறகு சிகரம்

பெரும்பாலான பிழைகள் இந்த இடத்தில்தான் வருகின்றன. ஒரு தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தீர்மானிக்காமல் அதன் உச்சியைச் சொல்ல முடியாது.

எல்லை போட ஆறுகளைப் பிடித்துக்கொள்வது நல்ல வழி. இமயமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே சிந்து நதி வளைந்து தெற்கே திரும்பும் இடத்தில் நங்க பர்பத் (8,126 மீ) நிற்கிறது. கிழக்கே பிரம்மபுத்திரா வளையும் இடத்தில் நம்ச்சா பர்வா (7,782 மீ). இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் இமயமலை. இப்போது கே2-வைத் தேடுங்கள். அது சிந்துவுக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே அது காரகோரத்தின் உச்சி. இமயமலையின் இரண்டாவது சிகரம் அல்ல. பலர் இதைத் தவறாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பெயரில் உள்ள 'கே' கூடக் காரகோரத்தைத்தான் குறிக்கிறது. 1856-இல் நில அளவையாளர் தாமஸ் மாண்ட்கோமரி தொலைவிலிருந்து பார்த்துக் குறித்த அடையாளம் அது.

எல்லாத் தொடர்களும் இவ்வளவு எளிதாகப் பிரியாது. கோங்கூர் (7,649 மீ) என்ற சிகரத்தைச் சிலர் பாமிரில் சேர்க்கிறார்கள், சிலர் குன்லுனில் சேர்க்கிறார்கள். பாமிரில் சேர்த்தால் பாமிரின் உச்சி கோங்கூர், குன்லுனின் உச்சி லியூஷி ஷான் (7,167 மீ). குன்லுனுக்குக் கொடுத்துவிட்டால் குன்லுனின் உச்சி கோங்கூர் ஆகிவிடும். பாமிருக்கு இஸ்மாயில் சோமோனி (7,495 மீ) கிடைக்கும். ஒரே ஒரு கோட்டை நகர்த்தினால் பட்டியலில் இரண்டு வரிகள் மாறுகின்றன! இரண்டில் எதை எடுத்தாலும் சரிதான், ஆனால் எதை எடுத்தீர்கள் என்பதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

கிளிமஞ்சாரோ (5,895 மீ) எந்தத் தொடரிலும் சேராமல் தனித்து நிற்கும் எரிமலை. அப்படிப்பட்டவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். வலிந்து ஒரு தொடரில் நுழைக்க வேண்டாம்.

படி 2: சம உயரக் கோடுகளில் தேடுங்கள்

உயர வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் வளைகோடுகள் தெரியும். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு குறைவு. வளையத்துக்குள் வளையமாகச் சுருங்கிக்கொண்டே போய் நடுவில் ஒரு முக்கோணக் குறி இருந்தால் அதுதான் சிகரம்.

பழகுவதற்குக் காகசஸ் நல்ல இடம். கருங்கடலிலிருந்து காஸ்பியன் கடல் வரை நீளும் முகட்டை மட்டும் விரலால் பின்தொடர்ந்தால் எல்பிரஸைத் தவறவிட்டுவிடுவீர்கள். அது முதன்மை முகட்டிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே தள்ளி நிற்கிறது. எனவே முகட்டோடு நிற்காமல் இரு பக்கத்துக் கிளைகளையும் பாருங்கள். எல்பிரஸை நெருக்கிப் பார்த்தால் இரண்டு வளையங்கள் தெரியும். மேற்கு உச்சி 5,642 மீ, கிழக்கு உச்சி 5,621 மீ. பட்டியலுக்கு மேற்குதான்.

ஒரு சிகரம் புகழ்பெற்றது என்பதற்காக அதை எழுதிவிடாதீர்கள். தியான் ஷான் தொடரில் கான் தெங்ரி அழகான கூம்பாக நிற்கும், வெகுதொலைவிலிருந்தே தெரியும். நெடுங்காலம் அதையே தொடரின் உச்சி என்று நம்பினார்கள். 1943-இல் சோவியத் நில அளவையாளர்கள் அளந்து பார்த்தபோது, சற்றுத் தெற்கே இருந்த இன்னொரு மலை அதைவிட 400 மீட்டருக்கும் மேல் உயரம் என்று தெரிந்தது. ஜெங்கிஷ் சோகுசு என்ற அந்தச் சிகரம் 7,439 மீ.

இன்னொரு எச்சரிக்கை. இத்தகைய வரைபடங்களின் கோடுகள் பெரும்பாலும் 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த தரவிலிருந்து வந்தவை. அந்தத் தரவு ஒவ்வொரு சிறு சதுரத்துக்கும் ஒரே உயரம் தருவதால், கூர்மையான உச்சிகள் கொஞ்சம் குட்டையாகத் தெரியும். சிகரத்தைக் கண்டுபிடிக்கக் கோடுகளைப் பயன்படுத்துங்கள். உயரத்தை அந்தந்த நாட்டு நில அளவைத் துறை வெளியிட்ட எண்ணிலிருந்து எடுங்கள்.

படி 3: எங்கிருந்து அளந்த உயரம்?

நம் பட்டியலுக்கு அளவுகோல் சராசரிக் கடல் மட்டம். வேறு அளவுகோல் எடுத்தால் முடிவே மாறும். ஹவாயின் மவுனா கீ கடல் மட்டத்திலிருந்து 4,207 மீட்டர்தான். கடலடியில் உள்ள அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ (6,263 மீ) எவரெஸ்டை முந்திவிடும், அதுவும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வித்தியாசத்தில். நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமி புடைத்திருப்பதுதான் காரணம்.

ஜிபிஎஸ் கருவி காட்டும் எண்ணை அப்படியே எழுதுவதும் ஆபத்து. ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது, பூமியை ஒரு வழவழப்பான கணித உருண்டையாக வைத்துக்கொண்டு எடுத்த உயரத்தை. உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கேற்ப மேடுபள்ளமாக இருக்கும். இலங்கைக்குத் தெற்கே கடலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 100 மீட்டருக்கும் அதிகம்.

படி 4: ஆண்டையும் பனியையும் குறியுங்கள்

எவரெஸ்டுக்கு இப்போதைய எண் 8,848.86 மீ. நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பரில் சேர்ந்து அறிவித்தது. அதற்கு முன் 2005-இல் சீனா 8,844.43 என்று சொல்லியிருந்தது. மலை 15 ஆண்டில் நான்கு மீட்டர் வளரவில்லை. 2005-இன் எண் பனிக்கு அடியில் உள்ள பாறையின் உயரம், 2020-இன் எண் பனியோடு சேர்த்தது. ஆண்டு இல்லாமல் எழுதினால் இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றும்.

ஆல்ப்ஸின் மோன்ட் பிளாங்க் இதைவிடச் சுவாரசியம். அதன் உச்சியே ஒரு பனித்தொப்பி. 2001 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள். 2021-இல் 4,807.81, 2023-இல் 4,805.59. உண்மையில் கீழே தேயும் சிகரங்களும் உண்டு. நியூசிலாந்தின் தெற்கு ஆல்ப்ஸில் அயோராகி 3,764 மீட்டராக இருந்தது. 1991 டிசம்பரில் உச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து விழுந்தன. இப்போது 3,724 மீ.

படி 5: பெயரும் நாடும்

மாற்றுப் பெயர்களைக் குறிப்பில் எழுதுங்கள். எவரெஸ்ட் நேபாளத்தில் சாகர்மாதா, திபெத்தியத்தில் சோமோலுங்மா. அலாஸ்காவின் டெனாலி சில நூல்களில் மெக்கின்லி என்று வரும். எல்லைச் சிகரமானால் இரு நாடுகளையும் எழுதிவிடுங்கள்.

படி 6: முதல் வரிகளை நிரப்புங்கள்

சரி, இனி எழுதலாம். மேலே வந்தவற்றை நிரப்பிய பின் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

காரகோரம்: கே2, பாகிஸ்தான்–சீனா எல்லை, 8,611 மீ
இந்து குஷ்: திரிச் மிர், பாகிஸ்தான், 7,708 மீ
ஆண்டிஸ்: அகோன்காகுவா, அர்ஜென்டினா, 6,961 மீ
அலாஸ்கா தொடர்: டெனாலி, அமெரிக்கா, 6,190 மீ (2015 அளவீடு; பழைய நூல்களில் 6,194)
ராக்கி: எல்பர்ட், அமெரிக்கா, 4,401 மீ
அட்லஸ்: தூப்கல், மொராக்கோ, 4,167 மீ
அப்பலாச்சியன்: மிட்செல், அமெரிக்கா, 2,037 மீ

அப்புறம் மூன்று தொடர்களை நீங்களே தேடுங்கள்: பிரனீஸ், கார்பாத்தியன், டிராகன்ஸ்பர்க். முதல் படியிலிருந்து வரிசையாகப் போங்கள். டிராகன்ஸ்பர்க் என்றதும் தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்காமல், எல்லை தாண்டியும் கோடுகளைப் பின்தொடருங்கள்.

விடைகளைச் சரிபார்க்க: பிரனீஸில் அனெத்தோ, ஸ்பெயின், 3,404 மீ. கார்பாத்தியனில் கெர்லாக், ஸ்லோவாக்கியா, 2,655 மீ. டிராகன்ஸ்பர்க்கில் தபானா நிட்லென்யானா, லெசோத்தோ, 3,482 மீ.