பர்கண்டி டியூக்குகளின் கொடிவழியை வரைவது எப்படி?

இடைக்கால ஐரோப்பிய வம்சாவளியை முதன்முதலாக வரைந்து பார்க்கிறவர்களுக்கு பிரெஞ்சு அரச குடும்பமான வலுவா (Valois) வம்சத்தின் கிளையாகிய பர்கண்டி குடும்பத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பர்கண்டி, கிழக்கு பிரான்சில் உள்ள பகுதி; அதை ஆண்டவருக்கு டியூக் என்று பட்டம். 1363 முதல் 1477 வரை நான்கே டியூக்குகள். ஒரு பெரிய தாள், பென்சில், ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டிவரும்.

படி 1: தாளின் நடுவே மேலிருந்து கீழாக நால்வரையும் எழுதுங்கள்: துணிவுள்ள பிலிப், அஞ்சாத ஜான், நல்ல பிலிப், துடுக்கான சார்லஸ். அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன். இதுவரை சிக்கல் இல்லை.

படி 2: மனைவிமாரையும் மகள்களையும் பிறந்த வீடு, பிறந்த ஆண்டோடு எழுதுங்கள். இந்தக் குடும்பத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு மார்கரெட் மேல்தான் விழ வேண்டும். முதல் டியூக்கின் மனைவி ஃபிளாண்டர்ஸ் மார்கரெட் (1350). அவருடைய மருமகள் பவேரியா மார்கரெட் (1363). மகளும் மார்கரெட் (1374). வெறும் பெயரை எழுதினால் மாமியார், மருமகள், நாத்தனார் மூவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

படி 3: கல்யாணக் கோட்டின் மேல் ஆண்டையும், அந்தப் பெண் வழியாக வந்த நிலத்தையும் குறியுங்கள். ஃபிளாண்டர்ஸ் மார்கரெட், 1361இல் இறந்துபோன, முந்தைய வம்சத்து பர்கண்டி டியூக்கின் விதவை. 1369இல் கெண்ட் நகரில் பிலிப்பை மறுமணம் செய்தார். 1384இல் அவருடைய அப்பா இறந்ததும் ஃபிளாண்டர்ஸ், ஆர்த்துவா (இன்றைய பெல்ஜியம், வடக்கு பிரான்ஸ் பக்கம்) உட்படப் பல பகுதிகள் இந்த வீட்டுக்கு வந்தன. பிரெஞ்சு அரசரின் கடைக்குட்டி மகன் எப்படி அவ்வளவு பெரிய ஆளானார் என்பதற்குப் பாதி விடை இந்த ஒரு கோட்டில் இருக்கிறது.

படி 4: கொஞ்சம் நிதானம் தேவைப்படும் இடம் இது. 1385 ஏப்ரலில் காம்ப்ரே நகரில் பவேரியா வீட்டோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஜான் பவேரியா மார்கரெட்டை மணக்க, ஜானின் தங்கை மார்கரெட் அந்தப் பெண்ணின் தம்பி வில்லியமை மணந்தார். இரண்டு கோடுகளையும் குறுக்காகப் போடுங்கள். வில்லியமின் ஒரே மகள் ஜாக்குலின், நல்ல பிலிப்புக்கு அத்தை மகள், மாமன் மகள் இரண்டும்தான். அப்பா வழியில் ஹாலந்துக்கு வாரிசான அந்த ஜாக்குலினிடமிருந்துதான் 1433இல் பிலிப் அதைப் பறித்துக்கொண்டார்!

படி 5: உறவுக்குள் நடந்த கல்யாணங்களுக்கு இரட்டைக் கோடு. நல்ல பிலிப்பின் இரண்டாம் மனைவி போன், ஆங்கிலேயரிடம் பிரெஞ்சுப் படை தோற்ற அஜின்கோர்ட் போரில் இறந்த அவருடைய சித்தப்பாவின் விதவை. சார்லஸின் இரண்டாம் மனைவி பூர்பன் இசபெல்லா, சொந்த அத்தை மகள். இப்படி நெருங்கிய உறவில் மணம் முடிக்கத் திருச்சபைச் சட்டம் தடை. போப்பாண்டவரிடம் விலக்கு வாங்க வேண்டும்.

படி 6: சார்லஸுக்கு ஒரே வாரிசு, மகள் மேரி. அவர் 1477இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து மாக்சிமிலியனை மணந்தார். அதற்குக் கீழே ஒரு மகன், ஒரு மகள் வரை எழுதிவிட்டு நிறுத்துங்கள். ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குத் தனித் தாள் வேண்டும்.