பப்பெட் தன் செட்டிங்குகளை எங்கிருந்து எடுக்கிறது? மூலநிரலைத் திறந்து படிப்படியாகப் பார்ப்போம்

பல கணினிகளின் அமைப்பை விதிகள் எழுதி ஒரே மாதிரிப் பராமரிக்கும் மென்பொருள் பப்பெட். அதைப் புதிதாகப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: “பப்பெட் ஓடும் இடைவெளியைக் கோப்பில் 2 மணித்தியாலம் என்று எழுதினேன், ஏன் இன்னும் 30 நிமிடம் என்றே காட்டுகிறது?” இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இந்த வரியைச் சேர், அந்த வரியை அழி என்பதோடு நின்றுவிடும். ஒரு கணினியில் அது சரிவரும், பக்கத்துக் கணினியில் வராது. பப்பெட் தொடங்கும்போது எதை முதலில் படிக்கிறது, எதைப் பிறகு படிக்கிறது என்று மூலநிரலிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்த ஊகிக்கும் வேலை தேவையில்லை. பப்பெட் ரூபி மொழியில் எழுதப்பட்டது. உயர்தரத்தில் பைதன் படித்தவர்கள் அதன் வரிகளைத் தயங்காமல் வாசிக்கலாம்.

பப்பெட்டை 2005இல் லூக் கேனிஸ் தொடங்கினார். 2022இல் பெர்ஃபோர்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2025இலிருந்து சமூகத்தினர் ஓப்பன்வொக்ஸ் என்ற பெயரில் தனிக்கிளையாகவும் வெளியிடுகிறார்கள். இரண்டிலும் கட்டளையின் பெயர் பப்பெட்தான், இந்த விளக்கம் இரண்டுக்கும் பொருந்தும். ஒட்டுசுட்டானிலோ முழங்காவிலிலோ ஒரு பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு போட்ட கணினிகள் வரிசையாக இருக்கின்றன. கரண்ட் போய்ப் போய் வரும். இணையம் ஒரு டொங்கிளில்தான்.

படி 1: மூலநிரலைத் தேடிப் பிடித்தல்

டேட்டாவைச் செலவழித்து எதையும் தரவிறக்கவேண்டாம். ரூபி நிரல்கள் தொகுக்கப்படாமல் அப்படியே ஓடுகிறவை. எனவே பப்பெட்டை நிறுவிய கணினி ஒவ்வொன்றிலும் அதன் முழு மூலநிரலும் ஏற்கெனவே இருக்கிறது. பப்பெட்லாப்ஸ் பொதியில் நிறுவியிருந்தால் ‘ஒப்ட்’ கோப்புறைக்குள் ‘பப்பெட்லாப்ஸ்’, அதற்குள் ‘பப்பெட்’, ‘லிப்’, ‘ரூபி’, ‘வென்டர்_ரூபி’ என்று இறங்குங்கள். அங்கே மூன்று கோப்புகள் நமக்கு வேண்டும். ‘பப்பெட்’ என்ற பெயரிலேயே இருக்கும் முதன்மைக் கோப்பு ஒன்று. மற்ற இரண்டும் ‘பப்பெட்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘டிஃபோல்ட்ஸ்’, ‘செட்டிங்ஸ்’ கோப்புகள்.

‘லெஸ்’ கட்டளையால் திறங்கள். வாசிக்க மட்டும்தான் போகிறோம், இவற்றில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது.

படி 2: இயல்புநிலைப் பெறுமானங்கள்

முதலில் ‘டிஃபோல்ட்ஸ்’. லெஸ்ஸுக்குள் சாய்கோட்டைத் தட்டி ‘ரன்இன்டர்வல்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ஏஜென்ட், அதாவது ஒவ்வொரு கணினியிலும் இருந்து சேர்வரிடம் விதிகளைக் கேட்டு நிறைவேற்றும் பப்பெட், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓடவேண்டும் என்பதைச் சொல்லும் செட்டிங் அது. மூன்று விடயங்கள் கண்ணில் படும்: இயல்புநிலைப் பெறுமானம் 30 நிமிடம், வகை ‘டியூரேஷன்’, அதன்கீழே ஒரு விளக்கம். வகை டியூரேஷன் என்பதால்தான் 30எம், 2எச் என்று சுருக்கி எழுத முடிகிறது, உள்ளே பப்பெட் அதை வினாடிகளாக மாற்றிக்கொள்ளும். விளக்கம் எழுதாத செட்டிங்கைப் பப்பெட் ஏற்காது. எனக்கு மிகவும் பிடித்த கட்டுப்பாடு இது, ஏனென்றால் இந்தக் கோப்பே ஒரு முழுமையான கையேடாக ஆகிவிடுகிறது.

அதே கோப்பில் ‘ஸ்ப்ளேலிமிட்’ என்று தேடிப் பாருங்கள். அதன் இயல்புநிலைப் பெறுமானம் ஓர் எண் இல்லை, டொலர் குறி போட்ட ‘ரன்இன்டர்வல்’. ஒரு செட்டிங் இன்னொன்றைச் சுட்டுகிறது. கோப்பை வாசிக்கும்போதே இது கணக்கிடப்படுவதில்லை. யாராவது அந்தப் பெறுமானத்தைக் கேட்கும்போதுதான் டொலர் குறி அவிழ்க்கப்படும். ஆகவே ரன்இன்டர்வலை மாற்றினால் ஸ்ப்ளேலிமிட்டும் சொல்லாமலே மாறும். இதை நினைவில் வையுங்கள், ஆறாம் படியில் உதவும்.

இனி செட்டிங் கோப்புகளின் கோப்புறையைச் சொல்லும் ‘கொன்ஃப்டிர்’, தரவுக் கோப்புறையைச் சொல்லும் ‘வார்டிர்’ இரண்டையும் தேடுங்கள். இவற்றின் இயல்புநிலை ‘நில்’, அதாவது வெறுமை. அது மறந்து விடப்பட்ட இடம் இல்லை. யார் ஓட்டுகிறார், எந்த வகையில் ஓட்டுகிறார் என்று தெரிந்த பிறகே நிரப்பவேண்டிய இடம்.

படி 3: தொடக்கம் எங்கே நடக்கிறது

முதன்மைக் கோப்பான ‘பப்பெட்’டில் ‘இனிஷலைஸ்_செட்டிங்ஸ்’ என்ற செயன்முறையைத் தேடுங்கள். அது அழைப்பவற்றைப் பின்தொடர்ந்து ‘செட்டிங்ஸ்’ கோப்புக்குள் போனால், வேலை இந்த வரிசையில் நடப்பது தெரியும்.

முதலில் கட்டளை வரியில் நீங்கள் கொடுத்த தெரிவுகள் வாசிக்கப்படும். பப்பெட்டுக்குப் பொதுவான செட்டிங்குகள் மட்டுமே இந்தச் சுற்றில் பொறுக்கப்படும், தெரியாதவை இப்போதைக்கு விடப்படும். அடுத்ததாக, நீங்கள் செட்டிங்குகளை எழுதும் ‘பப்பெட் டொட் கொன்ஃப்’ கோப்பு வாசிக்கப்படும். கடைசியாக, ஓடும் வகைக்கு (ஏஜென்ட்டா, சேர்வரா, சாதாரண யூசரா என்பதற்கு) ஏற்பக் கொன்ஃப்டிர், வார்டிர், லொக்டிர், கோட்டிர் போன்ற கட்டாயமான இடங்கள் நிரப்பப்படும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் பிழை காட்டி நின்றுவிடும்.

கட்டளை வரி ஏன் முதலில்? எந்தக் கொன்ஃப் கோப்பை வாசிப்பது என்பதையே கட்டளை வரியில் மாற்றலாம். கோப்பை முதலில் வாசித்துவிட்டால் அந்தத் தெரிவுக்கு அர்த்தமே இருக்காது.

இந்தத் தொடக்கம் ஒரு ஓட்டத்துக்கு ஒரு தடவைதான். இரண்டாம் தடவை அழைத்தால் பப்பெட் மறுத்துப் பிழை எழுப்பும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் வைத்து முன்கூட்டியே முடிவெடுப்பதைப் போன்றது இது. விதைத்த பிறகு பாதியில் அந்தக் கணக்கை மாற்றினால் யாருடைய வயலுக்கும் நிச்சயம் இருக்காது. அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு சொந்தமாக ரூபி நிரலுக்குள் பப்பெட்டை அழைத்துப் பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: நிரலின் தலையில் ஒரேயொரு அழைப்பு. அதை விட்டுவிட்டு எஸ்எஸ்எல்டிர் (சான்றிதழ்கள் இருக்கும் கோப்புறை) போன்ற ஒன்றைக் கேட்டால், அது சுட்டும் கொன்ஃப்டிர் வெறுமையாக இருப்பதால் பிழைதான் வரும்.

படி 4: எந்தக் கோப்பு? ரூட்டும் சாதாரணப் பயனரும்

‘செட்டிங்ஸ்’ கோப்பில் ‘விச்_கொன்ஃபிகுரேஷன்_ஃபைல்’ என்று ஒரு சின்னச் செயன்முறை இருக்கிறது. சில வரிகள்தான், ஆனால் தொடக்கக்காரரின் குழப்பத்தில் பெரும்பகுதிக்கு விடை அங்கேதான். கோப்பை நீங்களே சுட்டியிருந்தால் அந்தக் கோப்பு. ரூட்டாக, அதாவது கணினியின் முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டினால் ‘எட்சி’ என்ற செட்டிங் கோப்புறைக்குள் இருக்கும் பப்பெட் டொட் கொன்ஃப். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘பப்பெட்லாப்ஸ்’ கோப்புறையில் உள்ள கோப்பு. அங்கே கோப்பே இல்லாவிட்டால் பப்பெட் ஒன்றும் சொல்லாது, இயல்புநிலைகளோடு பேசாமல் தொடரும்.

இப்போது முதற்கேள்வியைப் பாருங்கள். எட்சிக்குள் இருக்கும் கோப்பை, ரூட்டாக ஓட்டவைக்கும் ‘சுடோ’ போட்டுத் திருத்தினீர்கள். பிறகு சுடோ இல்லாமல் பெறுமானத்தைக் கேட்டீர்கள். பப்பெட் நீங்கள் திருத்திய கோப்பைத் திறக்கவே இல்லை. ஆகவே பெறுமானம் கேட்கும்போதெல்லாம் சுடோ போட்டுக் கேளுங்கள். ‘சுடோ பப்பெட் கொன்ஃபிக் பிரிண்ட் கொன்ஃபிக்’ என்று தட்டினால் எந்தக் கோப்பு வாசிக்கப்படுகிறது என்பதையே அது காட்டும். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவியவர்களுக்கு எட்சிக்குள் கோப்புறையின் பெயர் வெறும் ‘பப்பெட்’ என்றுதான் இருக்கும், இடத்தை மனப்பாடம் செய்யாமல் இப்படிக் கேட்டுக்கொள்வதுதான் நல்லது.

படி 5: பாதுகாப்பாகச் சோதித்துப் பார்த்தல்

ஆய்வுகூடக் கணினியின் உண்மையான கோப்பைத் தொடாமலே இதையெல்லாம் சோதிக்கலாம். வீட்டுக் கோப்புறையில் ‘டெஸ்ட் டொட் கொன்ஃப்’ என்று ஒரு கோப்பை உருவாக்குங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘ஏஜென்ட்’, அடுத்த வரியில் ‘ரன்இன்டர்வல்’, சமக்குறி, 2எச். பெயர்களெல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில். சரி, இப்போது ‘பப்பெட் கொன்ஃபிக் பிரிண்ட் ரன்இன்டர்வல்’ என்று எழுதி, இரட்டைக் கோடு போட்ட ‘கொன்ஃபிக்’ தெரிவில் உங்கள் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள்.

1800 என்று வரும். 7200 இல்லை. திடுக்கிட வேண்டாம். பிரிண்ட் கட்டளை வேறெதுவும் சொல்லாவிட்டால் எல்லா வகைக்கும் பொதுவான ‘மெயின்’ பகுதியைத்தான் பார்க்கும், நீங்கள் எழுதியது ஏஜென்ட் பகுதியில். இரட்டைக் கோடு போட்ட ‘செக்ஷன்’, பக்கத்தில் ‘ஏஜென்ட்’ என்று சேர்த்து மறுபடி ஓட்டினால் 7200 வரும். அப்புறம் அதே கட்டளையின் முடிவில் இரட்டைக் கோடு ‘ரன்இன்டர்வல்’ 5எம் என்று சேருங்கள். 300. கோப்பில் என்ன இருந்தாலும் கட்டளை வரி வெல்லும்.

பப்பெட் ஒரு பெறுமானத்தைத் தேடும் ஒழுங்கு இதிலிருந்து புரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது நிரலே நினைவகத்தில் வைத்தது, பிறகு கட்டளை வரி, பிறகு ஓடும் வகைக்குரிய பகுதி, பிறகு மெயின், பிறகு மூன்றாம் படியில் நிரப்பப்பட்டவை, ஒன்றும் கிடைக்காவிட்டால் டிஃபோல்ட்ஸ் கோப்பு. முதலில் கிடைத்ததோடு தேடல் நின்றுவிடும்.

ஓடும் வகை என்றேனே, அதில் ஒரு விடயம். சேர்வர் வைக்க வசதியில்லாத பாடசாலையில் விதிகளைப் பென்டிரைவில் கொண்டுபோய் ‘பப்பெட் அப்ளை’ மூலம் ஓட்டலாம், நல்ல வழி அது. ஆனால் அப்ளை ஓடுவது ‘யூசர்’ வகையில். ஏஜென்ட் பகுதியில் எழுதிய எதுவும் அதற்குத் தெரியாது. இரண்டு வழியிலும் வேண்டிய செட்டிங்குகளை மெயினில் எழுதுங்கள்.

படி 6: எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஏற்ற செட்டிங்குகள்

கரண்ட் வந்ததும் எல்லாக் கணினிகளும் ஒரேயடியாக எழும்பி, ஒரே நிமிடத்தில் சேர்வரைத் தட்டும். பழைய கணினி ஒன்றைச் சேர்வராக வைத்திருந்தால் அது திணறிப்போகும். ‘ஸ்ப்ளே’ செட்டிங்கை ‘ட்ரூ’ ஆக்கினால் ஒவ்வோர் ஏஜென்ட்டும் தனக்கென்று ஒரு தாமதத்தைத் தெரிந்தெடுத்துக் காத்திருக்கும். ஆனால் அந்தத் தாமதத்தின் எல்லை ஸ்ப்ளேலிமிட், அது ரன்இன்டர்வலைச் சுட்டுகிறது என்று பார்த்தோம். ரன்இன்டர்வல் 2 மணித்தியாலம் என்றால் ஒரு கணினி 2 மணித்தியாலம் வரைக்கும் சும்மா காத்திருக்கலாம், பாடவேளையோ அதைவிட மிகக் குறைவு. ஆகவே ஏஜென்ட் பகுதியில் ஸ்ப்ளேலிமிட்டை 5எம் என்று தனியாக எழுதிவிடுங்கள்.

சேர்வர் எட்டாதபோது சேர்வர் முன்பு அனுப்பியதில் கடைசியாகச் சேமித்த பட்டியலை வைத்து ஓடு என்று சொல்வது ‘யூஸ்கேஷ்ஒன்ஃபெயிலியர்’. இது இயல்பாகவே ட்ரூ, எங்களுக்கு அதுதான் வேண்டும். யாராவது ஃபோல்ஸ் ஆக்கியிருந்தால் திருப்பி மாற்றுங்கள்.

கடைசியாகச் ‘சேர்ட்நேம்’, அதாவது சேர்வர் ஒரு கணினியை அடையாளம் காணும் பெயர். நேரத்தை மிச்சப்படுத்த ஒரு கணினியின் வன்தட்டை அப்படியே மற்றவற்றுக்குப் பிரதி எடுப்பது இங்கே வழக்கம். சேர்ட்நேமின் இயல்புநிலை கணினியின் பெயரிலிருந்து வருவதால், பிரதிகள் எல்லாம் ஒரே பெயரோடு சேர்வரிடம் போய் நிற்கும். சேர்வருக்கு அவை எல்லாம் ஒரே கணினிதான். பிரதி எடுத்ததும், ஏஜென்ட்டை முதன்முதலாக ஓட்டுவதற்கு முன், ஒவ்வொரு கணினியின் பெயரையும் மாற்றுங்கள். மூலக்கணினியில் பப்பெட் ஏற்கெனவே ஓடியிருந்தால் பிரதியில் எஸ்எஸ்எல்டிர் கோப்புறையையும் அழித்துவிடுங்கள். பிறகு ‘சுடோ பப்பெட் கொன்ஃபிக் பிரிண்ட் சேர்ட்நேம்’ என்று ஒவ்வொன்றிலும் கேட்டு, வந்த பெயரைத் தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிவிட்டு ஏஜென்ட்டைத் தொடக்கலாம்.