மலைச்சரிவு ஊரில் வீடு எடுக்கிறீர்களா? லுபெரோனுக்கு வருபவர்கள் அறிய வேண்டியவை

பிரான்சின் தெற்கே, வொக்லூஸ் மாவட்டத்தில் பொன்னியூ, லாகொஸ்த், மெனேர்ப் போன்ற ஊர்கள் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பலர் ஆடி மாத வெயிலில் வந்து பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறார்கள். பிழை அங்கேதான். பொன்னியூ லுபெரோன் மலையின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் எந்த அறைக்கு எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்று அயலவரிடம் முதலே கேளுங்கள். பழைய தேவாலயத்துக்கு 86 படி ஏற வேண்டிய ஊர் அது. கார் வாசல்வரை போகுமா என்பதையும் பாருங்கள். பஸ் குறைவு, கார் இல்லாமல் சமாளிப்பது கடினம்.

கல்வீட்டின் சுவர் ஈரத்தை உறிஞ்சி, மெல்ல வெளியே விடும். அதற்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருத்தம். சிமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சு உதிரும். நம் சமையலில் சோற்றுப் பானை ஆவியும் சேர்வதால், சமைத்து முடிந்ததும் பத்து நிமிடமாவது யன்னலைத் திறந்து வையுங்கள். அலுமாரியை வடக்குச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்னால் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

விறகைக் கோடையிலேயே வாங்குங்கள். விற்பது ஸ்தேர் கணக்கில்: ஒரு மீற்றர் நீளக் கட்டைகளை அடுக்கினால் ஒரு கன மீற்றர். அதையே 33 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி அடுக்கினால் இடைவெளி குறைந்து சுமார் 0.7 கன மீற்றர்தான் வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், மரத்தின் அளவு மாறவில்லை. ஓக் விறகு காய ஏறக்குறைய இரண்டு வருடம் வேண்டும்; ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சை விறகு சூடு தராது, புகைபோக்கியில் கரியும் பிசினும் படிய வைக்கும், பிறகு அதுவே தீப்பிடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது ரமோனாஜ், அதாவது புகைபோக்கித் துப்புரவு, செய்வித்து, அந்தச் சான்றிதழைக் காப்புறுதிக்காகப் பத்திரப்படுத்துங்கள்.

மிஸ்த்ரால் என்ற பலத்த வடகாற்று வீசும் நாளில் யன்னலின் மர மறைப்புகளைக் கொக்கி போட்டு மாட்டுங்கள். அந்த மறைப்புக்கு வேறு நிறம் அடிக்கவோ, தமிழ் தொலைக்காட்சிக்கு டிஷ் பூட்டவோ நினைத்தால் முதலில் மேரியில், அதாவது ஊர் நகரசபை அலுவலகத்தில், கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் முன் அனுமதி தேவை. சின்ன ஊர் மேரி வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் படம் எடுத்து வையுங்கள். வதிவிட அட்டை உள்ளவர்கள் புதிய முகவரியை மூன்று மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும். குடும்ப வைத்தியரையும் உடனே தேடிப் பதிந்துகொள்ளுங்கள்: பதியாவிட்டால் வைத்தியரைப் பார்த்த செலவில் 70 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீதம்தான் திரும்பும்.

தெருவில் எதிர்ப்படும் யாருக்கும், கடைக்குள் நுழைந்தவுடனும், முதலில் போன்சூர் (வணக்கம்). அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. சந்தை பொன்னியூவில் வெள்ளி, ஆப்த் நகரில் சனி, காலையில் மட்டும். மதியத்தில் கடைகள் பூட்டிவிடுவார்கள்.

போரைக் கண்டு வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இரண்டு விடயங்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் கேட்கும் சைரன் வெறும் ஒத்திகை. புரட்டாசி தொடங்கி மாசி வரை காட்டுப் பக்கம் கேட்கும் வெடிச்சத்தம் வேட்டைக்காரருடையது. அந்த மாதங்களில் காட்டுப்பாதையில் நடக்கப் போனால் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை போடுங்கள்.